பதினேழாம் பக்கத்து நீல அட்டை

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஆறு ஆண்டுகளில் உனக்கென்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுத நேரமில்லை என்று சொன்னால் அது பொய்ச்சாட்சியம். எழுத உட்கார்ந்தால் எதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

உன்னைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது, அக்கா. சிறுவர்களுக்கான படப் புத்தகம். இருபத்து நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. பெயர் 'நம்ம பாக்கியம் அக்கா'. பேரா மாநிலத்திலுள்ள தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கெல்லாம் மன்றத்தார் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள். உரிமைக்காகப் போராடிய ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரியை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கேள்விப்பட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மாட்டேன்.

அதன் மாதிரிப் பிரதி மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. மிகைப்படுத்திப் பேசுகிறவன் நான் அல்லன் என்பது உனக்குத் தெரியும். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதல் பக்கத்தில் நீ பால் வெட்டுகிறாய். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கன்னத்தில் ரோஜாச் சிவப்பு. கொசு இல்லை, சேறு இல்லை, கையில் கத்தி வடுவும் இல்லை. மரத்தில் கட்டிய பால் மங்குகளெல்லாம் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் போல வழிகின்றன. ஒன்பதாம் பக்கத்தில் தோட்ட நிர்வாகி, நம் தொரை, வருகிறார். வெள்ளைக் காற்சட்டை, அப்பா மாதிரி ஒரு சிரிப்பு. கீழே இரண்டு வரி: 'பாக்கியம் அக்கா பணிவாகக் கேட்டார். தொரை அன்போடு பிறப்புப் பத்திரங்களைத் தந்தார்.' அடுத்த பக்கத்தில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரு நாய்கூட வாலாட்டுகிறது.

கடைசிப் பக்கத்தில் நன்றி. நம் தோட்டத்தை இப்போது வைத்திருக்கும் நிறுவனத்தின் சின்னம் அங்கே இருக்கிறது. அச்சுக்கு உதவியவர்கள் அவர்கள்தாம். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால் இப்போது ரப்பர் என்று சொல்ல ஒரு கித்தா மரமும் கிடையாது, அக்கா. எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. நாம் குடியிருந்த வரிசை வீடுகளை, அந்த லயங்களை, இடித்துவிட்டார்கள். இடித்தவர்களின் உதவியில் நீ பட்டுச்சேலை கட்டி நிற்கிறாய்.

ஆனால், இவையெல்லாம் பதினேழாம் பக்கத்துக்கு முன் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் நீ நீல அடையாள அட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட ஓர் இளைஞன். 'வழக்கறிஞர் தம்பியின் உதவியால் அக்காவும் குடியுரிமை பெற்றார்' என்று கீழே எழுதியிருக்கிறது. அந்த இளைஞன் நான்.

அந்தப் பக்கம் பொய். அது பொய் என்று நான் சொன்னால், உண்மை எது என்றும் நானே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் உன்னையும் என்னையும் அந்த நீலத்தோடு மனப்பாடம் செய்துகொள்வார்கள். இதுதான் வழக்கு.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்.

எழுபதுகளின் தொடக்கம். சிவப்பு அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், வேலை செய்வதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று வந்துவிட்டது. நம் தோட்டத்தில் பாதிப் பேர் சிவப்பு. இங்கேயே பிறந்தவர்கள்தாம். பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். ஆனால், பத்திரம் அவர்கள் கையில் இல்லை. லயத்துக் கூரை ஒழுகும், காகிதம் நனைந்துவிடும் என்று, பிள்ளை பிறந்தவுடன் பத்திரத்தை ஆபீஸில் கொடுத்து வைப்பது நம் தோட்டத்து வழக்கம். ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். கேட்கப் போனபோது ஆபீஸ் எழுத்தரான பெரிய கிராணி தொரையைக் கேட்கச் சொன்னார். தொரை தோட்டக் கணக்கெடுப்பு முடியட்டும் என்றார். அந்தக் கணக்கெடுப்பு முடியவே இல்லை. காகிதம் இல்லாதவன் வேறு தோட்டத்துக்குப் போகவும் முடியாது, கூலி போதாது என்று பேசவும் மாட்டான். அலமாரி பூட்டியே இருந்ததற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஈப்போவுக்கு என் அறைக்கு வந்தாய். நான் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். நீ நின்றுகொண்டே சொன்னாய்: "பெரட்டுல பேரக் கூப்புடறான் தம்பி. அந்தப் பேரு இருக்குற காயிதத்த மட்டும் குடுக்க மாட்டேங்கறான். அப்பறம் நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

பெரட்டு என்பது விடியுமுன் ஸ்டோருக்கு முன்னால் ஆள் கூட்டிப் பெயர் வாசிப்பது. பெயர் சொன்னால் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவருக்கு அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. யாருமே குரல் கொடுக்கக் கூடாது என்பது உன் யோசனை. நான் வேண்டாம் என்றேன். வந்து நின்றாலும் குரல் கொடுக்காவிட்டால் வராததாகவே கொள்வார்கள், வேலையிலிருந்து நீக்க அது போதும் என்று விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டாய். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்லா," என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

மறுநாள் நடந்ததை நீயே பிறகு எனக்குச் சொன்னாய். நூறு பேருக்கு மேல் வாளியோடு நிற்கிறார்கள். கிராணி ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். பதில் இல்லை. 'பாக்கியம்' என்கிறார், நீ நாலடி தூரத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். மாணிக்கம் அண்ணன் மட்டும் பழக்க தோஷத்தில் வாயைத் திறக்க, அவர் மனைவி காலை ஓங்கி மிதிக்க, அவர் "ஆ!" என்று அலற, கிராணி அவசர அவசரமாக அவருக்கு ஒரு பேர் போட்டுவிட்டார். அந்த ஒரு சிரிப்பைத் தவிர மூன்று நாளும் பெரட்டில் சத்தமே இல்லை. மரங்கள் வெட்டாமல் நின்றன. நான்காம் நாள் அலமாரியைத் திறந்தார்கள்.

மேல்தட்டுகளில் இருந்தவை நன்றாக இருந்தன. கீழ்த்தட்டைக் கரையான் தின்றிருந்தது. பழைய பத்திரங்களெல்லாம் அங்கேதான் இருந்தன. உன்னுடையதும் உன் கூட்டாளி மாரியாயியுடையதும் மண்ணாகிப் போயிருந்தன. மற்றவர்கள் காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே உனக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. அனுமதியின்றி மூன்று நாள் வேலைக்கு வராமை. எதிரில் நிற்க வைத்தே உன்னை இல்லாதவளாக்கினார்கள். நான் சொன்னதுதான் நடந்தது. அதில் எனக்கு ஒரு துளிப் பெருமை இருந்தது என்பதையும் இப்போது எழுதிவைக்கிறேன்.

நீ ஈப்போவுக்கு வந்தாய். புந்தோங்கில் ஒரு சீனன் காப்பிக்கடையில் மங்கு கழுவினாய். வேலை முடிந்ததும் அதே கடையின் பின்மேசையில் உட்கார்ந்து, சுங்கை சிப்புட்டிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் வந்தவர்களுக்குக் குடியுரிமைப் படிவம், அதாவது மனு பாரம், எழுதிக் கொடுத்தாய். மலாய் எழுத்தை அந்தக் கடைக்கு வரும் போஸ்ட்மேனிடம் கற்றுக்கொண்டாய். அடித்தல் திருத்தல், காப்பிக் கறை, பொருந்தாத தேதி, எல்லாவற்றோடும் அனுப்பினாய். பல திரும்பி வந்தன. திருத்தி மறுபடி அனுப்பினாய். நீலம் கிடைத்தவர்கள் உனக்கு ரொட்டி வாங்கி வந்து கொடுத்தார்கள்.

உன்னுடையதையும் மாரியாயியுடையதையும் மட்டும் நீ எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். "தம்பி லாயரா இருக்கயில நான் எழுதுனா உனக்கு மரியாத இல்லலா. நீயே எழுது. நானும் மாரியும் ஒரே நாள்ல போயி வாங்கிட்டு வாரோம்," என்றாய்.

நான் எழுதினேன். நான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவன், என் பத்திரம் என்னிடம் இருந்தது. நீ லயத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய பிறப்புப் பதிவேடு பதிவு அலுவலகத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, உங்கள் இருவர் பிறப்பையும் அறிந்த பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கினேன். மருத்துவச்சி, இருவரும் பிறந்தது ஆறு கரை புரண்ட வருஷம் என்றாள். வெட்டு வேலையை மேற்பார்த்த பழைய மண்டோர், பால் கொட்டகைக்குப் புகைக்கூண்டு கட்டிய வருஷம் என்றார். கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் இரண்டு வருஷம் இடித்தது. முரண்பட்ட சாட்சியத்தைத் தாக்கல் செய்வது தொழில் தர்மம் அல்ல என்று நினைத்தேன். மூன்றாவது சாட்சி ஒருவர் கப்பலேறிச் சேலத்துப் பக்கம் போயிருந்தார். அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அலுவலகத்தில் போய், 'இந்த முரண்பாடு பெரிய தடையா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அரைகுறையாக ஒன்றைக் கேட்பது என் இயல்பில் இல்லை.

"என்னாச்சு தம்பி என்னோடது?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "நடந்துகிட்டு இருக்குக்கா," என்றேன். அது பொய்யல்ல என்று என்னால் வாதாட முடியும். சேலத்துக்குக் கடிதம் போய்க்கொண்டுதானே இருந்தது?

மூச்சுத் திணறி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பதிவுப் பெண்மணி உன் அட்டையைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு. அதன் பிறகு அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. உன் மனுவோடு மாரியாயியின் மனுவும் அதே கோப்பில்தான் இருந்தது. ஒரே நாடாவில் கட்டியிருந்தேன். உன்னை நினைக்கப் பயந்து அவளையும் கட்டிப்போட்டுவிட்டேன்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். அதை எழுதிய சந்திரன் ஒரு பள்ளி ஆசிரியர், நல்லவர். அவருடைய முதல் எழுத்தில் தொரை அலமாரியைப் பூட்டுகிறார், மக்கள் பேசாமல் நிற்கிறார்கள், கரையான் வருகிறது. எல்லாம் சரியாகவே இருந்தன. சட்டச் சிக்கல் வருமா என்று பார்க்கச் சொல்லி அதை என்னிடம் அனுப்பினார்கள். நான் சிவப்பு மையால் கோடிட்டேன். 'பூட்டினார்' என்பதன் பக்கத்தில், 'சான்று உண்டா?' 'பயமுறுத்தினார்' என்பதன் பக்கத்தில், 'யார் காதால் கேட்டது?' போதாக்குறைக்கு, உன் பெயரையும் படத்தையும் பயன்படுத்த நான் கொடுத்த சம்மதக் கடிதத்தில், 'எவருடைய நற்பெயருக்கும் ஊறு நேராத வகையில்' என்றொரு நிபந்தனையை நானே சேர்த்தேன். உன் நற்பெயரை அதில் நினைக்கவில்லை. தொரையின் நற்பெயர் தப்பித்துக்கொண்டது.

மாதிரிப் பிரதி வந்ததும் சந்திரனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் தலைகுனிந்தபடி, "சார், நீங்கதானே கோடு போட்டீங்க?" என்றார். "பதினேழாம் பக்கத்துக்கு நான் கோடு போட்டேனா?" என்று கேட்டேன். "அது மன்றத் தலைவர் சேக்கச் சொன்னது சார். லாயரயும் கொஞ்சம் நல்லா காட்டுங்கன்னாரு."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. அங்கி எனக்கு நன்றாக இருந்தது. இரண்டு நாள் அதை மேசையில் விரித்தே வைத்திருந்தேன். வழக்குக்காக வந்த கட்சிக்காரர் ஒருவர், "உங்க படமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தப் புத்தகத்தில் எனக்கு அருவருப்பூட்டும் எத்தனையோ இருந்தாலும் அந்த 'ஆமாம்' போல வேறெதுவும் இல்லை.

போன சனிக்கிழமை பிற்பகல் ஈப்போவில் மன்றத்தில் கூட்டம். மளிகைக்கடைக்கு மேல்மாடி. தலைவர், சந்திரன், நான். உன்னோடு வாழ்ந்தவர் ஒருவர் புத்தகத்தைப் பிடித்திருப்பது போலப் படம் எடுக்க வேண்டும் என்று மாரியாயியைச் சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ்ஸில் வரவழைத்திருந்தார்கள். அவள் இப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிறாள். முடி வெளுத்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிட்டாள். "யாருலா இது? பாக்கியமா? ஐயோ, சினிமாக்காரி மாரில்ல இருக்கா! வெட்டுக்குப் போறவ பட்டுச்சீல கட்டிக்கிட்டா போவா? கொசுவுக்குக் கல்யாணமா?"

எல்லோரும் சிரித்தோம். தலைவர்தான் அதிகமாகச் சிரித்தார். "அழகா இருந்தாத்தான் பிள்ளைங்க பாப்பாங்க அக்கா."

"அவ அழகுதான். இந்த அழகு இல்ல." பக்கத்தைத் திருப்பினாள். "தொரை என்னா இப்புடிச் சிரிக்கிறாரு? பல்லுவலியா?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. படம் படமாகத் திருப்பிக்கொண்டே போனாள். பதினேழில் நின்றாள். விரலால் அந்த அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்னா கலரு?"

"நீல ஐசிம்மா," என்றார் சந்திரன்.

அவள் அட்டையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவளுக்குக் கெடச்சிருச்சா தம்பி? எப்ப?"

நான் அந்தப் படத்தையே பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயி வாங்குவோம்னு சொன்னவ. கடேசியா ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தப்பக்கூட சொன்னா. அவ மட்டும் போயி வாங்கிட்டாளா? என்கிட்ட மறச்சிட்டாளா?"

அக்கா, அந்த முகத்தை நீ பார்த்திருக்கக் கூடாது. எத்தனையோ பேரிடம் எதற்கெல்லாமோ ஏமாந்த ஒருத்தி, நீ ஏமாற்றவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதையும் ஒரு வண்ணப் படம் பிடுங்கிவிட்டது.

தலைவர் குறுக்கே வந்தார். "அக்கா, அது சும்மா படம்லா. சின்னப் பிள்ளைங்க புக்கு. நல்லபடியா முடியணும் இல்ல?"

"அப்ப கெடைக்கலியா?" அவள் கேட்டது என்னைத்தான்.

"கெடைக்கலக்கா. சாகும்போதும் மேரா ஐசிதான், செவப்புதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். உன்னைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பெருமூச்சு அது. "அதானே பாத்தேன். அவ அப்புடிப்பட்டவ இல்ல." பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "என்னோடது இன்னும் கவர்மெண்ட்லதான் இருக்கா தம்பி? எல்லார்கிட்டயும் கவர்மெண்ட்ல இருக்கு, வந்துரும்னு சொல்லிட்டு இருக்கேன்."

'பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். விழுங்கிவிட்டேன்.

"கவர்மெண்ட்ல இல்லக்கா. என் ஆபீஸ்ல இருக்கு. ரெண்டு பேரோடதும். நான் அனுப்பவே இல்ல."

யாராவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தலைவர் கறிபாப் பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சார், இதெல்லாம் இப்ப எதுக்கு? சாப்பிடுங்க, ஆறிடும்," என்றார். பிறகு சந்திரன் பக்கம் குனிந்து, எனக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: "அந்த நீலத்தக் கொஞ்சம் சாம்பல் கலரா ஆக்கிடலாம்லா. நீலம்னும் சொல்ல முடியாது, செவப்புன்னும் சொல்ல முடியாது. யாருக்கும் சூசா இல்ல, தொல்ல இல்ல."

நீ கேட்டாயா, அக்கா? சாம்பல் கலர்! பால் வெட்டிய கை, மங்கு கழுவிய கை, பாரம் எழுதிய கை, அந்தக் கையில் எந்த நாட்டுக்கும் சேராத ஒரு சாம்பல் அட்டை. நான் அவர் மேல் மட்டும் ஆத்திரப்பட முடியாது. அவர் சொன்னது என் தொழில் பாஷை. இத்தனை காலமும் உன் கோப்புக்கு நான் பூசி வைத்திருந்ததும் அந்தச் சாம்பல்தானே?

மாரியாயியை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். ஈப்போ தாண்டியதும் அவள் வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"எத்தன வருசமா இருக்கு உன்கிட்ட?"

"பத்துக்கு மேல."

"ஏன் அனுப்பல?"

சாட்சியங்கள் முரண்பட்டதை, சேலத்துக் கடிதத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். உன்னைப் போலவே பொறுமையாகக் கேட்டாள். "பாக்கியம் உன்னப் பத்தி எப்புடிப் பேசுவா தெரியுமா? என் தம்பி ஒரு எழுத்துப் பெசகாம எழுதுவான்னு ஊரெல்லாம் சொல்லுவா." என் பக்கம் திரும்பினாள். "நான் படிக்காதவ தம்பி. பெசகோட எழுதியிருந்தா எனக்குத் தெரியவா போவுது?"

வீட்டு வாசலில் இறங்கியவள் 'வாரேன்' என்று சொல்லவில்லை. கதவை மட்டும் பார்த்துச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளைத் தொழிற்சாலையில் விடுப்பு எடுக்கச் சொல்லி ஈப்போ பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். அவள் வந்ததே பெரிது. கோப்பை அப்படியே நீட்டினேன். ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, இளவயது, இரண்டு பிரமாணங்களையும் படித்துவிட்டு, வருஷம் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்று கேட்டார். தோட்டத்தில் அப்படித்தான் நினைவு வைப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் தலையசைத்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

இது வெற்றியல்ல. மனு மறுக்கப்படலாம். மலாய் பேசச் சொல்லிக் கேட்பார்கள். அவள் பேசுவது சந்தை மலாய். உன்னுடைய மனுவைக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இறந்தவருக்குக் குடியுரிமை கேட்க முடியாது. அந்தத் தாள்களைத் தனியே எடுத்துவைத்தேன். என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அன்றே மன்றத்துக்கு எழுதினேன். என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். உன் அட்டை சிவப்பாக வந்தால், பெரட்டில் மக்கள் வாய்மூடி நின்றால், தொரையின் சிரிப்பு போனால் மறுபடி கொடுப்பேன் என்று எழுதினேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு வக்கீல் மேசையும், அதன் மேல் நாடா கட்டிய ஒரு கோப்பும் இருக்க வேண்டும். கீழே, 'அக்காவின் மனுவை அவருடைய தம்பி அனுப்பவில்லை' என்று இருக்க வேண்டும். தலைவர் போன் செய்தார். "தன் மூஞ்சில தானே சாணி அடிச்சிக்கிற ஆள இப்பதான் சார் பாக்கறேன்," என்றார். அச்சு நின்றிருக்கிறது. மன்றத்துப் பத்திர வேலைகளை வேறு வக்கீலிடம் கொடுக்கப்போவதாகவும் காதில் விழுந்தது. விழட்டும்.

நேற்று சந்திரன் தனியாக வந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் புதிய வரிகளைப் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு, "இதுலயும் கோடு போடுவீங்களா சார்?" என்று கேட்டார். படித்தேன். இரண்டு இடத்தில் சான்று போதாது, எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுக்கவில்லை.

இதை ஏன் ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்புகிறாய் என்று நீ கேட்பாய். என் மேசையில் இருந்தால் நாளைக்கு ஒரு சொல்லைத் திருத்தத் தோன்றும், அடுத்த வாரம் இன்னொன்றை, பிறகு அது எங்கும் போகாது. அச்சேறிவிட்டால் என்னாலும் மீட்க முடியாது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. மாரியாயியின் மனு திரும்பி வந்தால், வந்த மறுநாளே மறுபடி கொடுப்பேன். அதுவும் வந்தால் அதற்கு மறுநாள். அவள் உயிரோடு இருக்கும்போதே அது முடிய வேண்டும். அதற்காக, என் வாழ்நாளில் நான் செய்யாத ஒன்றையும் செய்வேன்: பிழையோடு அனுப்புவேன்.

உன் மன்னிப்பைக் கேட்கும் தகுதி இன்னும் வராத,
உன் கூடப்பிறந்த தம்பி